தவசு மரத்தடி

ஈரப் புடவை முதலில் வயிற்றில்தான் சில்லிட்டது. பிறகு தொடையில், பிறகு எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி உடம்பு முழுக்கப் பரவி, ஒருவழியாக அந்தக் குளிரும் பழகிப்போயிற்று. சுகந்தி குப்புறப் படுத்திருந்தாள். இடது கன்னம் மண்ணில், கைகள் இரண்டும் தலைக்கு மேலே நீட்டிக் கூப்பியபடி, கூப்பிய கைக்குள் ஒரு வெற்றிலையும் பாக்கும். அவளைப் போலவே இன்னும் பல பெண்கள், குளத்தில் முங்கி எழுந்த ஈரத்தோடு, மரத்தைச் சுற்றி வட்டமாகத் தலை வைத்துக் கிடந்தார்கள். மரம் என்றால் முளைத்த மரம் இல்லை, திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்காகக் கொண்டுவந்து நட்ட பனை. சீவி வழவழப்பாக்கி, ஏறுவதற்குக் கட்டைகள் அடித்து, உச்சியில் ஒரு சின்னப் பரண் கட்டியிருந்தார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டிய கூத்துக்காரர் அதில் ஏறிக்கொண்டிருந்தார், பரமசிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்கத் தவசுக்குப் போகிறார். ஒரு கட்டைக்கு ஒரு பாட்டு. உச்சிக்குப் போய்ப் பூசை முடித்து அங்கிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். கீழே பிள்ளை வேண்டிப் படுத்திருக்கிறவர்களில் யார் மேல் விழுகிறதோ அவள் அதை எடுத்துத் தோல், கொட்டை எதையும் மிச்சம் வைக்காமல் அங்கேயே தின்றுவிட வேண்டும். "மனசுல அதையே நெனச்சிக்கினு இரு, வேற எதையும் நெனைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள் நாத்தனார் குணசுந்தரி. போனவள் திரும்பி வந்து, "தலையத் தூக்காத" என்றாள். மறுபடியும் வந்து முந்தானையை இழுத்து முதுகை மூடிவிட்டுப் போனாள். அந்த அம்மாளுக்கு விட்டால் தானே பக்கத்தில் படுத்துக்கொள்ளும் அளவுக்கு ஆசை.

அதையே நினை என்று சொல்லிவிட்டால் மனசு அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நினைக்கும். பால்கனிக் கதவைத் தாழ் போட்டோமா. போட்டோம். இல்லை, போட்டது நேற்று. இன்று விடியுமுன் கிளம்பிய அவசரத்தில் சாத்தினோம், அவ்வளவுதான். புறா உள்ளே வந்துவிடும். வரட்டும், வந்து என்ன செய்துவிடப் போகிறது, போன தடவை வந்தது பரணில் பழைய குக்கர் டப்பாவுக்குப் பின்னால் முட்டை வைத்துவிட்டுப் போயிற்று. அதற்கு யாரும் நாள் பார்க்கவில்லை, ஊசி போடவில்லை, மரத்தடியில் படுக்க வைக்கவில்லை, அது பாட்டுக்கு வந்தது, வைத்தது, போனது. அவள் புருஷன் தாமோதரன் அந்த டப்பாவை நகர்த்தவே விடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி ஏறிப் பார்த்தான். அப்போது அவன் முகம். சரி, அதை நினைக்க வேண்டாம். ஏதோ ஒரு எறும்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. கை எடுக்கக் கூடாது. எறும்புக்கு அது தெரிந்திருக்கிறது, சாவகாசமாகப் போகிறது. மண் நன்றாக இருந்தது. காலையில் தண்ணீர் தெளித்த மண், நல்லவேளையாக வானமும் மூடிக்கிடந்தது. வைகாசி வெயில் மட்டும் அடித்திருந்தால் இந்நேரம் எல்லோரும் வடாம்தான்.

மேலேயிருந்து பாட்டு இறங்கி வந்தது. வார்த்தை பாதி புரிந்தது, பாதி காற்றில் போயிற்று. கீழே நிற்கிற பின்பாட்டுக்காரர் அந்த அடியைப் பிடித்துத் திருப்பிப் பாட, மத்தளம் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்க, மேலே இன்னொரு கட்டையில் கால் வைக்கும் சலங்கைச் சத்தம். அவ்வளவு பெரிய அர்ச்சுனனைக் காலையில் பள்ளிக்கூட வராந்தாவில் பார்த்தாயிற்று. முகத்தில் பாதிக்கு மட்டும் அரிதாரம் பூசி, மீதிப் பாதியில் சாதாரண மனிதராக உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். தாமோதரன் சும்மா இருப்பானா, போய்ப் பேச்சுக் கொடுத்தான். "அவ்ளோ ஒசரம் ஏறணுமே, பயமா இருக்காதாண்ணே?" அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "ஏறும்போது பாட்டு இருக்குது சார், பயம் தெரியாது. எறங்கறப்போதான் காலு நடுங்கும். அப்போ எவனும் மேல பாக்க மாட்டான், பழம் கெடச்சவங்களப் பாத்துக்கினு இருப்பானுங்க." தாமோதரன் சிரித்தான். எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பிடித்துவிடுவான். அதற்காகத்தானே போவதே.

அதற்காகத்தான் போனார்கள், இத்தனை நாளும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பில் ஒரு தடவை வந்திருந்தது, சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய திருவிழாக்கள் என்று. முதல் தடவை ஆஸ்பத்திரியில் கைவிரித்த வாரம் அது. தாமோதரன் அதைச் சத்தமாகப் படித்தான், படித்துவிட்டு, "போலாமா?" என்றான். எங்கே என்றுகூட அவள் கேட்கவில்லை. போனார்கள். தைமாசம் தென்பெண்ணை ஆற்று மணலில் சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் வண்டி கட்டி வந்து குளிப்பதைப் பார்த்தார்கள், வேறெங்கும் கிடைக்காத சுருளிக்கிழங்கை அவித்த சூட்டோடு வாங்கித் தின்றார்கள். காஞ்சிபுரத்துக் கருட சேவையில் கூட்டம் நெருக்கி அவள் ஒரு செருப்பையும் அவன் ஒரு செருப்பையும் தொலைத்தார்கள். சித்திரையில் பெருமாள் இறங்குவதற்காகத் தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்ட நடவாவிக் கிணற்றுக்குள் படிப்படியாக இறங்கி, ஈரம் சொட்டும் கல் மண்டபத்தில் நின்றபோது, எப்போதும் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற இடத்தில் நிற்கிறோம் என்று அவளுக்கு என்னவோ போல ஆயிற்று, சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. எங்கேயும் அவர்கள் எதுவும் கேட்டதில்லை. கை கூப்புவார்கள், கற்பூரம் தொட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். பேசி வைத்துக்கொண்டதில்லை, ஆனாலும் அப்படித்தான் நடந்தது. வாரத்தில் ஒரு நாள் அவளிடம் யாரும் எதுவும் கேட்காமல், அவளும் யாரிடமும் எதுவும் கேட்காமல் கழிந்தது. அந்த ஒரு நாளை வைத்துத்தான் மீதி நாட்களை ஓட்டினாள். அதில் வந்து மண்ணை அள்ளிப் போட்டாள் குணசுந்தரி. காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தவள், இவர்கள் போன இடங்களையெல்லாம் கேட்டுவிட்டு, "இவ்ளோ கோயிலுக்குப் போயிட்டு ஒண்ணும் கேக்காம வந்தீங்களா? சினிமாவுக்கா போனீங்க?" என்றாள். பிறகு, "செய்யாறுக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல தவசு ஏர்றாங்க, ரொம்ப ராசி, நான் வந்து இட்டுக்கினு போறேன்" என்றாள். தாமோதரன் சுகந்தியைப் பார்த்தான். சுகந்தி தாமோதரனைப் பார்த்தாள். இரண்டு பேரும் சரி என்றார்கள்.

"அக்கா." வலப்பக்கத்திலிருந்து கிசுகிசுப்பு. "அக்கா, மெட்ராஸா நீங்க?"

தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திருப்பினாள் சுகந்தி. சின்னப் பெண். நெற்றிக் குங்குமம் தண்ணீரில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. படுக்குமுன் பேர் சொன்னாள், கௌசல்யா, வந்தவாசிப் பக்கம், புருஷன் லாரி ஓட்டுகிறான்.

"ஆமா. குரோம்பேட்ட."

"அது யாருக்கா, கயித்துக்கு அந்தாண்ட நீலச் சொக்கா, உங்க வூட்டுக்காரரா? உங்களையே பாத்துக்கினு இருக்காரு. எங்க வூட்டுது பாருங்க, வந்ததுலருந்து வண்டிக்குள்ள பூந்து தூங்குது."

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வாயில் மண் போகும். "பேசக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கம்மா" என்றாள்.

"சாமிக்கு அதெல்லாம் காதுல வுழாதுக்கா, எம்மாந் தூரத்துல கீறாரு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கண்ணை மூடி உதட்டை அசைக்கத் தொடங்கினாள். அவள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் சாமி கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்க வேண்டும். நமக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை என்று சுகந்தி நினைத்தாள். கேட்கத் தெரியவில்லையா, வேண்டாமா. எது.

இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி வெச்சது தெளிவா இருந்துச்சா. வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அவள் கேட்கிற கேள்வி. இருட்டு அறை, சுவரில் வெளிச்சத்தில் எழுத்துகள், நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டம், அதில் ஒரு வில்லையைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, இதுவா, அதுவா. பாதிப் பேர் ரெண்டும் ஒண்ணாதாங்க இருக்கு என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்கும், அவர்களிடம் சலிக்காமல் மறுபடி கேட்பாள். தன்னிடம் மட்டும் கேட்டுக்கொள்ள வராது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்கு மறுநாள். இன்னொரு தடவை முதலிலிருந்து. டாக்டரம்மா நல்லவர், கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார், இந்தத் தடவை நம்பிக்கையா வாங்க சுகந்தி என்பார். நம்பிக்கையாகத்தான் போனாள், ஒவ்வொரு தடவையும். வயிற்றில் ஊசி போட்ட இடங்கள் பச்சையாகிப் பிறகு மஞ்சளாகி, புடவைக் கட்டு பட்டால் வலிக்கும். பச்சை விளக்கு எரியும் அறையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வாங்க, ஒண்ணுமில்ல, ரிலாக்ஸா இருங்க என்பார்கள். அங்கே மல்லாக்க, இங்கே குப்புற. அதுதான் வித்தியாசம். சுற்றிலும் ஆட்கள் நின்று அவள் வயிற்றையே பார்க்கிறார்கள், அங்கேயும் இங்கேயும். போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டு நிற்கும். எத்தனையோ ராத்திரி. மின்விசிறியின் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருந்து, அவன் தூங்கிவிட்டான் என்று தெரிந்ததும் எழுந்து ஹாலில் போய் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து அந்த வார்த்தையை வாய் அசைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சுவரிடம் சொல்ல வருகிறது. அவனிடம் வராது. ஏனென்றால் அந்த ஆற்று மணலில், முன்னால் நின்ற யாரோ ஒருவரின் குழந்தை சாமி தெரியவில்லை என்று அழுதபோது, கேட்காமலே அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான் தாமோதரன். ஊர்ச் சாமியெல்லாம் குளித்துக் கரையேறும்வரை இறக்கவேயில்லை. குழந்தை அவன் முடியைப் பிடித்துக்கொண்டு குதித்தது. வலித்திருக்கும். அவன் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் அப்பா வந்து வாங்கிக்கொண்டு போன பிறகு, தோளை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. எனக்குப் போதும் என்றால் உனக்கும் இல்லை என்று அர்த்தமாகிவிடுமே. ஒரு மனுஷன் ஆசைப்படுவதற்கு நான் எப்படிக் கதவைச் சாத்துவது. கதவு. பால்கனிக் கதவு. தாழ் போட்டோமா.

மத்தளம் நின்றது. காற்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, புளிய மரத்தின் மணம், கற்பூர மணம், பக்கத்துப் பெண்ணின் தலையில் வாடத் தொடங்கிய கதம்பம். ஈரப் புடவை முதுகில் காயத் தொடங்கி, காய்ந்த இடமும் காயாத இடமும் தனித்தனியாகத் தெரிந்தன. எறும்பு எங்கே போயிற்று. அர்ச்சுனன் குரல் இப்போது ரொம்ப மேலே இருந்தது, கேட்கிறதா நினைவா என்று தெரியாத உயரத்தில், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப, ஏறுகிறேனே ஏறுகிறேனே என்று. ஏறட்டும். அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். படி படியாக, ஈரம் சொட்டும் கல்லில், கிணற்றுக்குள். கீழே மண்டபத்தில் விளக்கு எரிந்தது. அது கிணறு இல்லை, அவளுடைய கடைதான், கண் பார்க்கிற இருட்டு அறை, வாசலில் வரிசையாக யாரோ நிற்கிறார்கள். பார்த்தால் ஆற்றுக்கு வந்த சாமிகள். ஈரத் தலையோடு, மாலை எல்லாம் நசுங்கி, டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொருவராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வெள்ளிக் கண்ணுக்கு எந்த வில்லை போடுவது என்று அவளுக்கு ஒரு நிமிஷம் குழப்பம். இது தெளிவா இருக்கா, அதுவா? ஒரு அம்மன், பெரிய கண், சிரித்துக்கொண்டு, ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு தாயி என்றாள். மறுபடி பாருங்க. பாத்துட்டேன் தாயி, நீ கொஞ்சம் உக்காரு. நான் எப்படி உட்காருவது, வெளியில் இவ்வளவு பேர் நிற்கிறார்களே. அவங்க நிப்பாங்க, அவங்களுக்கு வேற வேல இல்ல, நீ உக்காரு. உட்கார்ந்தாள். அம்மன் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, சுவரில் எரிந்த எழுத்துகளை அணைத்தாள். நான் படிக்க வேண்டாமா என்று கேட்டாள் சுகந்தி. ஒண்ணும் படிக்க வேணாம். கண்ண மூடு. நாற்காலி மணல்போல இளகிக் கொடுத்தது. மேலே எங்கேயோ தண்ணீர் திரும்ப வந்து படிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது, பயமே இல்லாமல், வெதுவெதுப்பாக, கழுத்துவரை, காதுவரை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"அடிப் பாவி! ஏந்திரிடி! ஏந்திரி!"

தோளைப் பிடித்து உலுக்கியது குணசுந்தரி. சுகந்தி எழுந்து உட்கார்ந்தாள். எந்த ஊர், எந்த நாள், ஒன்றும் பிடிபடவில்லை. வாயோரம் எச்சில் வழிந்து மண்ணோடு ஒட்டியிருந்தது. வட்டமாகப் படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து, மடியை உதறிக்கொண்டும் குங்குமத்தைப் பொறுக்கிக்கொண்டும் சாமி வந்து ஆடிக்கொண்டும் இருந்தார்கள். அவளைச் சுற்றி மண்ணெல்லாம் பூவும் வில்வ இலையும் விபூதியும். அர்ச்சுனன் உச்சியில் நின்று மங்களம் பாடிக்கொண்டிருந்தார்.

"தவசு மரத்தடியில படுத்துத் தூங்குனவள இப்பத்தான் பாக்கறேன்! ஊரு உலகத்துல எங்கனா நடக்குமா இது? பழம் உன் முதுகு மேல வந்து உக்காந்துது. வுழுந்து, உருண்டு, உக்காந்துது!"

பக்கத்தில் கௌசல்யா திருதிருவென்று விழித்தாள். அவள் கையில் பாதி எலுமிச்சம்பழம், வாயில் மீதிப் பாதி, புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. அவசரமாக விழுங்கினாள். "நான் தொட்டு எழுப்பத்தான் கைய நீட்டுனேன்க்கா, சத்தியமா. அண்ணன்தான் அங்கேருந்து வேணாம் வேணாம்னு கைய ஆட்டுனாரு. அதான் நான் எடுத்துக்கினேன். கோச்சிக்காதீங்க. இந்தாங்க, பாதி இருக்குது."

"நீ தின்னும்மா" என்றாள் சுகந்தி. "தோலையும் தின்னு." சொல்லும்போதே அந்தப் பெண் சொன்னது முழுதாக உள்ளே இறங்கியது. வேண்டாம் என்று கை ஆட்டினானா.

குணசுந்தரிக்கும் அப்போதுதான் இறங்கியது. தம்பியை நோக்கித் திரும்பினாள். தாமோதரன் கயிற்றைத் தாண்டி வந்து நின்றிருந்தான், கையில் அவளுடைய துண்டு.

"டேய் தாமு. இந்தப் பொண்ணு இன்னா சொல்லுது? நீ பாத்துக்கினா இருந்த?"

"பாத்தேன்க்கா. விழுந்துச்சு."

"பாத்துக்கினு இருந்துட்டு எழுப்ப வேணாம்னியா? உனக்கு இன்னாடா ஆச்சு? மூள கீள கலங்கிப்போச்சா?"

"அவ தூங்குனாக்கா."

"தூங்குனா எழுப்பறது!"

"எவ்ளோ நாளா தூங்கலன்னு உனக்குத் தெரியுமா?" அவன் குரல் ஏறவில்லை, ஆனால் உடைந்தது. "நான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டு எழுந்து போயி ஹால்ல ஒக்காந்திருப்பா. நான் உள்ள முழிச்சிக்கிட்டுப் படுத்திருப்பேன். போயி என்னன்னு கேக்க எனக்குத் தைரியம் வராது. இப்பதான் வாயத் தொறந்து, கொறட்ட வுட்டுத் தூங்குனா. இத்தன மேளம் அடிச்சும் தூங்குனா. அத எழுப்பச் சொல்றியா?"

அவனும் விழித்திருந்தானா. அத்தனை ராத்திரியுமா. சுகந்தி சேறு ஒட்டிய கன்னத்தோடு அவனையே பார்த்தாள். சுவரிடம் சொன்ன வார்த்தை, தொண்டையில் அத்தனை நாள் மாட்டிக்கொண்டு நின்றது, இத்தனை சத்தத்துக்கு நடுவே, எந்த முயற்சியும் இல்லாமல் வெளியே வந்துவிட்டது.

"எனக்குப் போதுங்க."

"இன்னா போதும்?" என்றாள் குணசுந்தரி.

"திங்கக்கெழம வேணாம். அதுக்கப்புறமும் வேணாம். என்னால முடியலங்க. எனக்குப் போதும்."

தாமோதரன் துண்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். சுகந்தி அந்தக் கையையே பார்த்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ, இந்த இடத்தில், இந்த நாளில், இந்த அம்மாள் எதிரில். பிறகு அவன் அவள் முன்னால் மண்ணில் குந்தி உட்கார்ந்தான்.

"எனக்கு ஆச இருக்கு சுகந்தி. இல்லன்னு சொன்னா பொய்யி" என்றான்.

"தெரியும்."

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். அதுக்காக உன்னப் படுக்க வெச்சி, சுத்தி நின்னு, இப்பவா அப்பவான்னு பாத்துக்கிட்டே இருக்கறது…" நிறுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எனக்கும் போதும்."

குணசுந்தரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் அந்த அம்மாள் திறந்த வாயை ஒன்றும் சொல்லாமல் மூடியது அநேகமாக அதுதான் முதல் தடவை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தம்பியின் கையிலிருந்த துண்டை வெடுக்கென்று பிடுங்கினாள், சுகந்தியின் பின்னால் போய் மண்ணிலேயே மண்டி போட்டு, அவள் தலையைப் பிடித்துத் துவட்ட ஆரம்பித்தாள். கோபமா பாசமா என்று பிரிக்க முடியாத ஒரு வேகம்.

"ஈரத் தலையோட எவ்ளோ நேரம்தான் கெடப்ப" என்றாள். "நாளைக்கு சளி புடிச்சிக்கினா அதுக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போவணும்." துண்டு போய்வந்துகொண்டே இருந்தது.

துண்டுக்குள் முகம் மறைந்திருக்க, சுகந்தி அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்கள் பழம் தவறிப்போய்விட்டதே என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, பாவம் என்றார்கள்.